ஆயாவிடம் கேட்டு எழுதுவது: வடசென்னைக் குடும்பக் கதைகளுக்கு ஒரு கையேடு

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போய் ஒரு வயசான அம்மாவிடம் "அந்தக் காலத்துல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாலும், முதலில் வரும் பதில் "ரொம்ப கஷ்டப்பட்டோம்பா" என்பதுதான். அதை அப்படியே எழுதி, மேலே கண்ணீரையும் தியாகத்தையும் ஏற்றினால் எந்த ஊருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்துகிற கட்டுரை ஒன்று கிடைக்கும். அந்த வீட்டின் கதை கிடைக்காது. வறுமை ஒரு வீட்டுக்குள் காசுக் கணக்காகவும் தண்ணீர்க் கணக்காகவும்தான் நடமாடுகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவதே இந்த வேலையில் பாதி.

கேட்க உட்காருவதற்கு முன் வீட்டில் இருக்கிற காகிதங்களைப் பாருங்கள். பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., அடகு சீட்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, பி.எஃப். ரசீது, ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டு ஆணை, எது கிடைத்தாலும் சரி. அந்த வருஷம் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதை ரேஷன் கார்டு ஒன்றே சொல்லிவிடும். அதில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தால், அவர் கல்யாணமாகிப் போனாரா, இறந்துபோனாரா, கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனாரா என்று கேட்கலாம். காகிதத்தைக் கையில் கொடுத்துக் கேட்டால், வெறுமனே கேட்பதைவிடப் பேச்சு நன்றாக வரும்.

நேரம் முக்கியம். சமையலும் தண்ணீர் பிடிப்பதும் முடிந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பெரும்பாலான வீடுகளில் தோதுப்படும். மீன் விற்கிற அம்மாக்கள் விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய்விடுவதால், அவர்களைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு பாருங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் சொன்னதே திரும்ப வரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுகிறவரிடமிருந்து இரண்டு சாண் தூரத்தில், மடித்த துணியின்மேல் வையுங்கள். டேபிள் ஃபேன் நேராக அடித்தால் குரல் அடிபட்டுப்போகும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலைந்து மணி நேரம் ஆகும். அதை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் யாரைப் பற்றிப் பேசினார் என்பதே குழம்பும். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தால் பாதி விஷயம் வராது.

கேள்விகளை உடைத்துக் கேளுங்கள். "பணக் கஷ்டம் இருந்ததா?" என்றால் "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். யாரிடம் கடன் வாங்கினீர்கள், கையில் எவ்வளவு வந்தது, யார் வசூலுக்கு வருவார், எத்தனை மணிக்கு வருவார், காசு இல்லாத அன்று என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் என்றால்: அடிபம்பா, பொதுக் குழாயா, லாரியா? வரிசையில் குடம் வைத்தது யார், ஒரு நாளைக்கு எத்தனை குடம், எதெதற்கு எத்தனை? அடகு என்றால்: எது முதலில் போனது, எது மீண்டு வந்தது, எது வரவே இல்லை? தாலிக்கொடி அடகுக்குப் போன வீட்டில் கழுத்தில் மஞ்சள் கயிறு எத்தனை மாசம் இருந்தது என்ற ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு முழு வருஷம் வெளியே வரும்.

எழுதும்போது என்ன வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். "அப்பா விட்டுப் போன பிறகு அம்மா எங்களை வளர்க்க மிகவும் துன்பப்பட்டாள்" என்பது ஒரு வாக்கியம். இதே செய்தியை இப்படியும் எழுதலாம்:

"பத்தாயிரம் தண்டலுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுதான் கைக்கு வந்தது. நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். தண்டல்காரர் ஆறு மணிக்கு வருவார். காசு சேராத நாளில் அஞ்சே முக்காலுக்கே அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போய்விடுவாள். கதவண்ட நின்று 'அம்மா இல்ல'ன்னு சொல்வது அக்காவின் வேலை."

இரண்டாவதில் துன்பம் என்ற சொல்லே கிடையாது. தண்டல் என்கிற தினவசூல் கடனில் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் முறை, அம்மாவின் வெட்கம், பொய் சொல்லப் பழகிய பெண் குழந்தை எல்லாமே வந்துவிட்டன. ஒரு பக்கத்துக்கு இப்படி ஒரு இடம் இருந்தால் போதும். எல்லா வரியிலும் தொகை போட்டால் அது மளிகைச் சீட்டாகிவிடும்.

வருஷங்களைச் சரிபார்ப்பது

பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வருஷத்துக்குப் போகலாம். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் தொடங்கியது 1982 ஜூலை, அவர் இறந்தது 1987 டிசம்பர் 24. இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபர் 31. சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. "மூத்தவன் அப்போ கைக்குழந்த" என்றால், அவன் பிறந்த வருஷத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

தவறு நடக்கிற இடமும் இதுதான். "மில்லு மூடினப்போ" என்று ஒருவர் சொன்னால் உடனே 1996 என்று எழுதிவிடாதீர்கள். பெரம்பூர் பி அண்ட் சி மில் (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் துணி ஆலை) நிரந்தரமாக மூடியது அந்த வருஷம். அதற்கு முன்பும் வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று பல தடவை நின்றிருக்கிறது. அவர் எந்த மூடலைச் சொல்கிறார் என்பதை பி.எஃப். காகிதம் காட்டிக்கொடுக்கும். கடலுக்குப் போகிற வீடுகளில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்கும்போதும் இப்படித்தான். முன்பு 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். கூடுதலாக வந்த அந்தப் பதினாறு நாளை எப்படி ஓட்டினார்கள் என்று தனியாகக் கேளுங்கள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அதில்தான் வந்து விழுகிறது.

அச்சில் வார்த்த ஆட்கள்

கோயிலில் வைக்க வேண்டிய அம்மா, எந்நேரமும் குடித்துக்கொண்டிருக்கும் அப்பா, படித்து முன்னேறிய பிள்ளை. இந்த மூவரும் வந்தாலே கதை பழசாகிவிடும். குடித்த அப்பா ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்? சம்பள நாளில் என்ன வாங்கி வந்தார்? அம்மா யாரை அடித்தாள், எந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைத்தாள்? இதையும் கேட்காமல் எழுதுவது அவர்களுக்கே செய்கிற அநியாயம். வடசென்னை என்றதும் கத்தியும் ரத்தமும் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்காகவும் எழுதாதீர்கள். ஆடி மாசக் கூழ், திருவொற்றியூர்த் தேர், தெருமுனை கேரம் போர்டு, சாவு வீட்டுக் கானா, அடுத்த வீட்டிலிருந்து வந்த குழம்புக் கிண்ணம் எல்லாம் அதே பஞ்ச வருஷத்தில் இருந்தவைதாம். பஞ்சத்தை எழுதுகிற அக்கறையோடு இவற்றையும் எழுதுங்கள்.

பேச்சைத் திருத்தாதீர்கள். "நைனா வரலன்னா அன்னிக்கு நாஷ்டா கிடையாது" என்று சொன்னவரை "தந்தை வராவிட்டால் காலை உணவு இல்லை" என்று பேசவைத்தால் ஆளே மாறிவிடுவார். அதற்காக ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்புப்படி எழுதினாலும் படிக்க முடியாது. விவரிப்பு உங்கள் நடையில் இருக்கட்டும், மேற்கோளுக்குள் அவர் குரல் இருக்கட்டும்.

பேசும்போது அழுதால் பதிவை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து, வேறு பேச்சுக்குப் போங்கள். அந்த இடத்துக்கு அவரே இன்னொரு நாள் வருவார், வராவிட்டால் விட்டுவிடுங்கள். சித்தியின் முதல் கல்யாணம், மாமா மீதான போலீஸ் கேஸ், யாருக்கோ வந்த நோய் இவையெல்லாம் சொன்னவருக்கு மட்டும் சொந்தமான விஷயங்கள் இல்லை. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பெயரை மாற்றுவது மட்டும் போதாது; ஐந்நூறு பேர் இருக்கிற குடியிருப்பில் தொழிலையும் தெருவையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றையும் மாற்றுங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் காதால் கேட்கட்டும். "இத எடுத்துடு" என்றால் எடுத்துவிடுங்கள். "அது நூறு இல்ல, எழுபது" என்று திருத்தினால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்படித் திருத்தும்போது புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பிப்பார், போன் ஓடிக்கொண்டிருக்கட்டும். கடைசியில் ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவை பென் டிரைவில் ஒன்று, இன்னொருவர் போனில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.