சர்வர் மாட்டும் முன் ரேக்கை அசையாமல் நிறுத்துவது எப்படி?

புது ரேக் (சர்வர்களை அடுக்கி மாட்டும் உலோகச் சட்டம்) வந்து இறங்கியதும் சர்வரை மாட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். 42யூ ரேக் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். அகலம் பெரும்பாலும் 600 மி.மீ. தான். பல ரேக்குகள் காலியாகவே 100 கிலோவைத் தாண்டும். சாய ஆரம்பித்தால் ஒருவரால் தாங்கிப் பிடிக்க முடியாது.

படி 1: இடம்

சர்வரை முழு நீளத்துக்கு இழுக்க முன்னால் ஒரு மீட்டராவது விடுங்கள். பின்னால் ஆள் நின்று கேபிள் மாட்ட இடம் வேண்டும். ஃபால்ஸ் ஃப்ளோர் (தரைக்கு மேல் டைல்களால் உயர்த்திய தளம்) என்றால் ஒரு டைல் எவ்வளவு எடை தாங்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மொத்தப் பாரமும் நான்கு சின்னக் கால்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்கும்.

படி 2: கால்களை இறக்குவது

சக்கரம் நகர்த்துவதற்கு மட்டும். ரேக்கின் கையேட்டில் நிற்கும்போது தாங்கும் எடை, உருட்டும்போது தாங்கும் எடை என இரண்டு கணக்கு இருக்கும், இரண்டாவது குறைவு.

ஸ்பானரால் லெவலிங் கால்களைக் கீழே இறக்குங்கள். சக்கரத்தை விரலால் தள்ளினால் தடையின்றிச் சுற்ற வேண்டும், அதுவரை இறக்குங்கள். பிறகு ரசமட்டத்தை இடம்வலமாகவும் முன்பின்னாகவும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு கால் தரையைத் தொடாமல் இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் கால்வாசிச் சுற்று இறக்கி, லாக் நட்டை இறுக்குங்கள். ரேக் கோணலாக நின்றால் சர்வரை உள்ளே வெளியே நகர்த்தும் ரெயில் சிக்கும், கதவும் சரியாகப் பூட்டாது.

படி 3: ஸ்டெபிலைசர்

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். ரெயிலில் சர்வரை வெளியே இழுத்ததும் அதன் எடை முன்கால்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ரேக் முன்பக்கம் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் முன்னால் நீட்டி நிற்கும் ஸ்டெபிலைசர். அது தனிப் பொட்டலமாகவும் வரலாம், அட்டையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தரையில் ஆங்கர் போல்ட் அடிப்பது, பக்கத்து ரேக்குடன் இணைப்பது என்று வேறு வழிகளும் உண்டு. எது பொருந்தும் என்று கையேடு சொல்லும். எதுவானாலும் முதல் கருவி ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டுமே இழுக்க வேண்டும்.

படி 4: எர்த்

சட்டத்தையும் கதவுகளையும் எர்த் வயரால் இணையுங்கள். பெயின்ட் மேல் முறுக்கினால் இணைப்பு சரியாகக் கிடைக்காது. அதற்கென விட்டிருக்கும் திருகிலேயே மாட்டுங்கள்.

படி 5: யூ குறிப்பது

1யூ என்பது 44.45 மி.மீ.; அதில் மூன்று துளைகள். துளைகளின் இடைவெளி ஒரே அளவில் இருக்காது. நெருக்கமாக, 12.7 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு துளைகளுக்கு நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் கேஜ் நட் (ரேக்கின் சதுரத் துளையில் மாட்டும் கூண்டு நட்) போட்டால் சர்வர் ஒரு துளை தள்ளி உட்காரும். நட்டைப் பொருத்த அதற்கான கருவியையே பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் கையைக் கிழித்துவிடும்.

இனி கீழிருந்து ஏற்றலாம். யூபிஎஸ் போன்ற கனமானவை அடியில். அவை ஏறியதும் ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பாருங்கள். பாரம் ஏறிய பிறகு கால்கள் கொஞ்சம் அமுங்கியிருக்கலாம்.