மலை ரோட்டில் பைக் பழகுகிறீர்களா?

லைசென்ஸ் கிடைத்த மறுநாளே ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்விட வேண்டாம். நான் போனேன். தலவாக்கலை தாண்டுவதற்குள் கை நடுங்கி, ஒரு தேத்தண்ணிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம் தேயிலைத் தோட்ட ரோட்டிலேயே ஓட்டுங்கள். குழியும் சரளைக்கல்லும் பழகிவிட்டால் தார் ரோடு லேசாகத் தெரியும். மெயின் ரோட்டுக்கு ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள்; பஸ் குறைவு.

இனி இறக்கம். எங்கள் ஊரில் ஆள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். பெட்ரோல் மிச்சம் பிடிக்க கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டக் கூடாது. இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை அமுக்கினால், அதுவும் ஈர ரோட்டில், சறுக்கும். கண் பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்கே போகும். அதனால் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

மறைவான வளைவில் ஹோர்ன் அடியுங்கள், உங்கள் இடது பக்கத்தை விடாதீர்கள். கொழுந்து லொறி நடு ரோட்டில்தான் வரும், சண்டை பிடித்துப் பலனில்லை.

ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க, பின் பிரேக்கை மிதித்தபடி, ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி லேசாக முன்னுக்கு இழுக்கும்போது பிரேக்கை எடுக்கலாம். இதை எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் மேட்டில் ஐம்பது தடவையாவது செய்திருப்பேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

பனி மூடினால் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். முன்னால் ஒன்றுமே தெரியவில்லையா? ரோட்டை விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.