காவிரி டெல்டாவில் மஞ்சள் டாங் வளர்ப்பு

வீட்டில் பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் பலரும் கல்லில் படரும் பாசியைத் தின்று தீர்க்கும் என்று நம்பியே மஞ்சள் டாங் மீனை வாங்குகிறார்கள். அது நாள் முழுவதும் பாசியை மேயும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியில் விளையும் பாசி மட்டும் அதன் பசிக்குப் போதாது. ஹவாய்க் கடலின் பவளப்பாறைகளில் ஓயாமல் நீந்தும் இந்த மீன் 20 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதால், 4 அடி நீளமும் 400 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் முதல் கவலை வெயில்தான். தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், டாங் அதைத் தாங்காது. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை ஓடவிட்டால் நீர் ஆவியாகி ஓரிரு டிகிரி குறையும். ஆனால் உப்பு ஆவியாவதில்லை என்பதால், ஆவியாகிக் குறைந்த நீரின் அளவுக்கு, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை அன்றன்றே ஊற்ற வேண்டும். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் மின்விசிறி அவ்வளவாக உதவாது. அங்கே சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இந்த மீனை வாங்காதிருப்பதே நல்லது. பேட்டரி ஏர் பம்ப் எல்லா வீட்டிலும் கட்டாயம்; 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இங்கே பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறக்க முடியுமா?

வேதாரண்யம் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. உப்பளத்தில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதிய அளவு இருக்காது. பவளத் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை வாங்கி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரக் கடல்நீரை எடுத்துவர வேண்டாம்; ஆற்று வெள்ளமும் சேறும் கலந்திருக்கும். மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தைப் பெயர்த்துவருவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பாறைகளை விட்டுவைப்பது நம் கடமையும்கூட.

உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேராத நோரித் தாளை (உலர்த்திய கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டித் தினமும் கொடுக்க வேண்டும். வயிறு உள்வாங்கித் தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கித் தெரிந்தால், தீனி போதவில்லை அல்லது குடலில் புழு இருக்கிறது என்று பொருள்.

டாங் மீனுக்கு வெண்புள்ளி நோய் எளிதில் தொற்றும். அதற்குரிய தாமிர மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால், புதிய மீனைத் தனித் தொட்டியில் 4 முதல் 6 வாரம் வைத்துப் பார்த்த பிறகே பவளத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது வலையைத் தவிர்க்கவும்: வாலடியின் இரு புறமும் மடங்கியிருக்கும் வெள்ளை முள் கத்தியைப் போல் கூரானது, அது வலையில் சிக்கினால் மீனுக்குக் காயம், கையில் பட்டால் நமக்கு வெட்டு. பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் அமிழ்த்தி, மீனை மெல்ல உள்ளே ஓட்டி, நீரோடு சேர்த்தே தூக்க வேண்டும்.