அடிப்பலகையில் ஆணி அடிக்காதீர்கள்

களக்காட்டுப் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்து வரப்போரம் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் நியூட்டன் பெட்டி என்ற சிறிய மரப்பெட்டி; உள்ளே இருப்பது நம் ஊர்த் தேனீ.

முதலில் வாங்கிய நான்கிலும் அடிப்பலகையைப் புழு அறையோடு, அதாவது தேனீக் குஞ்சுகள் வளரும் கீழ் அறையோடு, சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். தூக்கும்போது கழலாது என்று எனக்கும் திருப்திதான். ஐப்பசி மழையில் உள்ளே சேர்ந்த குப்பையை எடுக்க வழியில்லாமல் போயிற்று. கார்த்திகையில் திறந்தால் அடையெங்கும், அடையைத் தின்னும் மெழுகுப் புழுவின் நூலாம்படை. மூன்று பெட்டிகளில் ஓர் ஈ கூட இல்லை. ஆணியைப் பிடுங்க வந்த ஆசாரி, "அண்ணாச்சி, இதைச் செய்தவர் தன் வீட்டைப் பெருக்குவாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.

ஆக, பலகை தனியாகக் கழல வேண்டும். இத்தாலியத் தேனீயைப் போல நம் தேனீ பிசின் கொண்டுவந்து ஒட்டுவதில்லை, நெம்பாமலே வந்துவிடும். உபரியாக ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஈக்கள் இரைக்குப் போன பிறகு பெட்டியை நேராகத் தூக்கி, காய்ந்த பலகைமேல் இறக்குங்கள். பழையதைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சுரண்டி, குப்பையை எரித்துவிட்டு வெயிலில் போடுங்கள். பெட்டிக்கடியிலேயே தட்டினால், மெழுகுப் புழுவைப் பெறும் அந்துப்பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, மற்றபடி மாதம் ஒருமுறை போதும்.

சுரண்டுமுன் ஒரு நிமிடம் பலகையைப் பாருங்கள். மெழுகுத் தூள் கிடந்தால் சேமித்த தேனைத் திறந்து தின்கின்றன என்று பொருள். பழைய அடையைக் கடித்துப் போடுவதும் நம் தேனீயின் வழக்கம். அந்தக் கருந்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளும் நூலும் சேர்ந்திருந்தால்தான் மெழுகுப் புழு வந்துவிட்டது என்று அர்த்தம்.

காற்றோட்டத்துக்கு வாசலைக் கவனியுங்கள். இத்தாலியத் தேனீ வாசலை நோக்கித் தலை வைத்துச் சிறகடித்து, உள்காற்றை வெளியே இழுக்கும். நம்முடையது வெளியே முகம் காட்டி நின்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். தள்ளிய காற்று மேலே போக வழியில்லாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். அதனால் உள்மூடியின் நடுத் துளையையும் மேல்மூடியின் கம்பிவலைத் துளைகளையும் எந்தக் காலத்திலும் அடைக்காதீர்கள்.

சித்திரையில் ஈக்கள் வாசலுக்கு வெளியே தாடிபோலத் தொங்கினால் உள்ளே புழுக்கம். முதல் மருந்து நிழல்: மேல்மூடிக்கு ஒரு சாண் உயரத்தில் தென்னங்கீற்று. நனைத்த சாக்குப் போடலாம், வலைத் துளையை மறைக்காமல். அதுவும் போதாதபோது மேலே இருக்கும் தேன் அறையின் நான்கு மூலைக்கடியிலும் தீக்குச்சி வைப்பேன். அந்த இடுக்கில் எறும்பு நுழையும். தாங்கிக் கால்களின் கிண்ணங்களில் தண்ணீர் வற்றக்கூடாது.

ஆனி பிறந்தால் குச்சிகளை எடுத்துவிடுவேன். பணகுடியில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே மேல்காற்றுதான் இங்கும். வாசல் கிழக்கே பார்த்திருக்கட்டும், இரண்டு விரல் அகலத்துக்குக் குறையட்டும், மேல்மூடிமேல் ஒரு கல்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்கால்களுக்கடியில் அரை அங்குலச் சில்லு வைத்து முன்பக்கம் சரியுங்கள். பலகையில் தேங்கும் நீர் வாசல் வழியே வடிந்துவிடும். செத்த ஈக்கள் வாசலை அடைத்திருந்தால் ஒரு குச்சியால் இழுத்துப் போடுங்கள். ஈக்கள் மொய்க்காத வெற்றடைகளையும் எடுத்துவிடுங்கள். மார்கழியில் நம் ஊர்க் குளிருக்குப் போர்வை எதுவும் வேண்டாம்.

வலை அடித்த அடிப்பலகை வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அது இத்தாலியத் தேனீயின் உடம்பில் ஒட்டும் உண்ணி உதிர்ந்து கீழே விழுவதற்காக வந்தது. நம் தேனீ உண்ணியைத் தானே கடித்துத் தள்ளும்; வலைக்கடியில் சேரும் குப்பையை மட்டும் அதனால் எட்ட முடியாது. நான் வாங்கவில்லை.

மழை ஓய்ந்து தை, மாசி வாக்கில் பலகையில் இன்னொன்று உதிரும்: கூம்பு போன்ற சிறு மூடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி குத்தியது போல ஒரு துளை. ஆண் தேனீ அறைகளின் மூடிகள் அவை. கூட்டம் பிரியும் பருவம் நெருங்குகிறது. பிரியும் கூட்டத்துக்காக அன்றைக்கே காலிப் பெட்டி ஒன்றைத் துடைத்து நிழலில் வைத்துவிடுங்கள்.