மரத்திலிருந்து எஃகுக்கு: கடற்படைகள் சறுக்கிய இடங்கள்

எஃகுத் தகட்டை இரும்புத் தகடு போலவே கையாள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. 1870களில் பிரான்ஸ் 'ரெதூதாபிள்' கப்பலைப் பெருமளவு எஃகில் கட்டியது. பிரிட்டன் 'ஐரிஸ்' கப்பலோடு 1877இல் அதே வழிக்கு வந்தது. கொல்லர்களின் கைப்பழக்கம் மட்டும் இரும்புக் காலத்திலேயே நின்றது.

தகடுகளை இணைக்கும் தறையாணிக்கான (ரிவெட்) துளையைப் பஞ்ச் இயந்திரத்தால் குத்தினால் துளையைச் சுற்றியுள்ள எஃகு இறுகி நொறுங்குந்தன்மை அடையும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். துளையிட்டுக் குடைவது நல்லது. குத்தித்தான் ஆகவேண்டும் என்றால் சிறிய துளையாகக் குத்தி, விட்டத்தில் எட்டில் ஒரு அங்குலம் அளவுக்குச் சீவி அகலப்படுத்தவேண்டும். அல்லது குத்திய தகட்டைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடவேண்டும். வளைக்கும்போது இன்னொரு பொறி உண்டு. சிவப்பு அடங்கியபின் எஃகில் நீலம் பூக்கும் ஒரு சூடு வரும். அந்தச் சூட்டில் சுத்தியல் படவே கூடாது. குளிர்ந்த நிலையில் வளையட்டும், இல்லையேல் செஞ்சூட்டில் வளையட்டும்.

தகடு வாங்கும்போதே சோதிக்கவேண்டும். சதுர அங்குலத்துக்கு 26 முதல் 30 டன் இழுவலிமை, 8 அங்குல நீளத்தில் 20 சதவீத நீட்சி என்று பிரிட்டிஷ் கடற்படை வரையறுத்தது. ஒரு துண்டைச் செஞ்சூடாக்கி, நீரில் நனைத்துக் குளிர்வித்து, தடிப்பைப்போல் ஒன்றரை மடங்கு உள் ஆரத்துக்கு வளைத்தும் பார்த்தார்கள். வலிமை கூடினால் நல்லதுதானே என்று மேல் வரம்பைத் தளர்த்தக்கூடாது. 30 டன்னைத் தாண்டும் எஃகில் வளையும் குணம் குறைந்துவிடும்.

ஆலையிலிருந்து வரும் தகட்டின் கறுப்புச் செதிலை அப்படியே விட்டு வர்ணம் பூசுவது அடுத்த தவறு. செதில் உதிர்ந்த இடம் உப்புநீரில் குழிகுழியாக அரிக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிறகே வர்ணம் பூசவேண்டும். எஃகுத் தகடு இரும்பைவிட மெலிதாக இருக்கும், அரிப்பைத் தாங்கும் மிச்சம் அதில் குறைவு.

மரக்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தால் பாசியும், கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரியான கொட்டலசும் அண்டாது. இரும்பிலோ எஃகிலோ நேரடியாக அடித்தால் கடல்நீரில் மின்னரிப்பு கிளம்பி, செம்பு தப்பிக்கும், கப்பல் போய்விடும். 1868இல் நீரில் இறங்கிய 'இன்கான்ஸ்டன்ட்' போல இடையில் மரப்போர்வை கொடுக்கவேண்டும். செம்பு இரும்பைத் தொட ஓர் ஆணிகூட வழி செய்யக்கூடாது.

எடைக் கணக்கில் அலட்சியம் உயிரையே வாங்கும். 'கேப்டன்' என்ற, சுழலும் கோபுரங்களில் பீரங்கி வைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேல் 8 அடி இருக்கவேண்டியது. கட்டும்போது எடை ஏறி, ஆறரை அடியாகத் தாழ்ந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் எச்சரித்தும் முழுப் பாய்மரங்களோடு கடலுக்குப் போனது. 21 பாகை சாய்வுக்கு மேல் அதன் நிமிரும் விசை குறையும், 54 பாகையில் அறவே போய்விடும். 1870 செப்டம்பர் 7 அதிகாலை, ஸ்பெயினின் பினிஸ்டர் முனைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் சுமார் 480 பேர், அந்தக் கப்பலை வடிவமைத்த கூப்பர் கோல்ஸும் அவர்களில் ஒருவர். இரும்போ எஃகோ, ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துக் குறிப்பதும், எடையை நகர்த்திக் கப்பலைச் சாய்த்து அதன் நிலைத்தன்மையை அளக்கும் சாய்வுச் சோதனையின் கணக்கு முடியும்வரை கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பதும் கட்டாயம்.

பாய்மர மோகம் அதோடும் தீரவில்லை. பாயே இல்லாத 'டெவஸ்டேஷன்' 1873இல் பணிக்கு வந்தபிறகும், 1881இல் 'இன்ஃப்ளெக்சிபிள்' பாய்களோடுதான் பணியில் சேர்ந்தது. அந்தக் கனமான கப்பலைக் காற்றால் ஓட்ட முடியாது. 1885இல் பாய்மரங்களை அகற்றினார்கள்.