"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அக்கா"

மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் எட்டு வருடமாக மைக்ரோடெர்மாப்ரேஷன் மெஷின் பிடிக்கிறேன். தலைப்பில் இருப்பதைக் கேட்காத வாரமே கிடையாது. மாட்டேன் என்றுதான் சொல்வேன். நம் மாநிறத் தோலை அழுத்தி உரசினால் வெளுக்காது, கருக்கும்.

பார்லர்களில் இதை டைமண்ட் பாலிஷிங் என்பார்கள். வைரத்தூள் பதித்த முனை மேல்தோலின் செத்த அடுக்கை உரசி எடுக்கும். வேக்யூம் அதை உறிஞ்சிக்கொள்ளும். சொரசொரப்பு, களையிழந்த முகம், கரும்புள்ளி, லேசான திட்டு, இவற்றுக்கு நல்லது. ஆழமான பருத்தழும்புக்கு இதில் பணத்தைப் போடாதீர்கள். கன்னத்து மங்குக்கும் நான் கை வைப்பதில்லை.

வருவதற்கு ஒரு வாரம் முன்பே திரெட்டிங், வேக்ஸிங், ப்ளீச் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரெட்டினால் க்ரீமை நாலைந்து நாள் முன்பு. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் டாக்டர் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார். சீழ்ப்பருவோ உதட்டோரக் கொப்புளமோ இருந்தால் அன்று வேண்டவே வேண்டாம்.

முகத்தைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைப்பேன். ஈரமிருந்தால் முனை வழுக்காமல் இழுக்கும். இடது கையின் இரண்டு விரலால் தோலை விரித்துப் பிடித்து, வலது கையால் ஒரே சீராக ஓட்ட வேண்டும். முதலில் நெடுக்காக ஒரு தடவை, அப்புறம் குறுக்காக ஒரு தடவை. போதும். கண்ணுக்குக் கீழே உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். நடுவில் கை நிற்கவே கூடாது. கற்றுக்கொண்ட புதிதில் ஒரு கல்லூரிப் பெண்ணின் கன்னத்தில் அரை நிமிடம் யோசித்து நின்றுவிட்டேன். வட்டமாகக் கன்றிப்போய், அந்தக் கருமை மறைய இரண்டு மாதம் ஆனது. அவள் திட்டவில்லை. அவள் அம்மா திட்டினார், நியாயம்தான்.

முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றிக் காட்டுவேன். கோலப்பொடியைத் தட்டிவிட்ட மாதிரி சாம்பல் வெள்ளையில் தூள் படிந்திருக்கும். "இவ்வளவும் என் மூஞ்சியிலயா?" என்பார்கள். அதிகம் வந்தால் நல்ல வேலை என்று கணக்குப் போடாதீர்கள். முனையைக் கிருமிநீக்கம் செய்து கவரைப் பிரித்து எடுக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

அன்றைக்கு முகம் சிவந்து, வெயிலில் நின்ற மாதிரி காந்தும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும். கடலைமாவு, எலுமிச்சை, ஸ்க்ரப் எதுவும் ஒரு வாரத்துக்குக் கிட்டே வரக்கூடாது. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல்; ஸ்கூட்டியில் போகிறவர்கள் துப்பட்டாவை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த சிட்டிங் இரண்டு முதல் நாலு வாரம் கழித்து. ஒரே தடவையில் பளிச்சென்று ஆகாது, ஐந்தாறு தேவைப்படும். கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு மாய்ஸ்சரைசர் மட்டும் தடவி அனுப்பிவிடுவேன், காசு வாங்குவதில்லை.