பழைய காரின் சிலந்திவலைக் கீறல்களை வீட்டிலேயே போக்க

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் கருப்பு காரை ஒருநாள் ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்தியபோதுதான் பார்த்தேன், பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். வட்ட வட்டமாகத் தெரிந்தாலும் அவை வட்டமில்லை. எல்லாத் திசையிலும் ஓடுகிற சின்னக் கீறல்களில், வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் உள்ளவை மட்டும் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது.

அவசரப்பட்டு ஒரு கடையில் "ரப்பிங் பாலிஷ்" போட்டேன். கண்ணாடி மாதிரி ஆனது, ஆனால் இரண்டு முறை கழுவியதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலை நிரப்பி மறைத்திருந்தன, அவ்வளவுதான்.

முதலில் விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் ஆழமான கீறல், அதைப் பாலிஷால் எடுக்கப் பார்க்காதீர்கள். பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40-50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கிறது, பழைய காரில் ஏற்கெனவே எத்தனை பேர் சுரண்டினார்களோ தெரியாது. அதனால் எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கலாம் என்பதே கேள்வி.

நிழலில், தொட்டால் சூடு இல்லாத காரில் ஆரம்பியுங்கள். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழே கழுவிக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். துடைத்தபின் கையை மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு பானெட்டைத் தடவுங்கள், நறநறவென்றால் ஒட்டிய அழுக்கு இன்னும் இருக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் அழுத்தாமல் தேயுங்கள். அது தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய மண் புதுக் கீறல் போடும்.

அப்புறம் மெஷின். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேண்டாம், பழகாத கையில் பெயின்டைச் சுட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுற்றிக்கொண்டே அசையும் மெஷின்), 5 இன்ச் ஃபோம் பேட் போதும். பிளாஸ்டிக் பட்டைகள், கூர்மையான ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஓரத்தில்தான் கிளியர் கோட் சீக்கிரம் தேயும். மென்மையான பேட், நைஸான பாலிஷ் என்று இரண்டடிச் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேகத்தை 4 அல்லது 5-ல் வைத்து முதலில் நெடுக்காக, அடுத்து குறுக்காக, முந்தைய தடத்தில் பாதி படும்படி மெதுவாக நகர்த்துங்கள். கை வேகமாகப் போனால் ஒன்றும் நடக்காது. துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை. போதவில்லை என்றால் மட்டும் இன்னும் கரகரப்பான காம்பவுண்டுக்குப் போங்கள். எழுபது, எண்பது சதவீதம் மறைந்தால் நிறுத்திவிடலாம் என்பேன்.

பாதுகாப்புக்கு, நம் வெயிலில் கார்னௌபா வேக்ஸ் என்ற தாவர மெழுகு சீக்கிரம் போய்விடும். சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு சில மாதம் தாங்கும், நான் அதைத்தான் போடுகிறேன். செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் மண்ணோடு துடைத்தால் அதன்மேலும் கீறல் விழும். பறவை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுங்கள். போர்வெல் தண்ணீரை மேலேயே காயவிட்டால் உப்புக் கறை பதிந்துவிடும்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் காலையில் ஒரே வாளி, ஒரே துணியில் பத்து காரைத் துடைக்கும் அண்ணனிடம் போய்ப் பேசினேன். கண்ணாடியும் டயரும் மட்டும் போதும்ணே, மாதச் சம்பளம் அதேதான் என்றேன். சரி தம்பி என்றார். பாடியை ஞாயிற்றுக்கிழமை நானே கழுவுகிறேன்.